வெறும் டீயும் ஒரு கை கடலையும்: மஞ்சவாடிக் கணவாய் வழியாகப் போய்வந்த கதை

சேலத்திலிருந்து மஞ்சவாடிக் கணவாய் வழியாகப் பாப்பிரெட்டிப்பட்டிக்குப் போகிறவர்கள், யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் கரியில் ஓட ஆரம்பித்த பிறகு, என்னிடம் வந்து வழி விசாரிக்கிறார்கள். நான் போனது ஒரே ஒரு முறைதான். ஆனால் அந்த ஒரு முறையில் பட்ட பாடு பத்து முறைக்குப் போதும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டதால் இதை எழுதி வைக்கிறேன். வழியில் எங்கே நல்ல டீ கிடைக்கும் என்பதையும் சேர்த்திருக்கிறேன். அது தெரியாமல் வெளியூர் கிளம்புகிறவர்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது.

நான் போனது என் தங்கை செல்லம்மாவுக்காக. பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து நான்கு மைல் தள்ளி, சித்தேரி மலை அடிவாரத்தில் ஒரு கிராமத்தில் அவளைக் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை கல்யாணமான மூன்றாம் மாதமே பட்டாளத்தில் சேர்ந்து வடக்கே போய்விட்டார். அவள் மாமனார் பெரியண்ணனோடும் மாமியாரோடும் இருந்தாள். புரட்டாசியில் அவளுக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். எட்டாம் மாதத்தில் பிள்ளைத்தாய்ச்சியைப் பயணம் கிளப்பமாட்டார்கள். ஏழில் அழைத்துவர வேண்டும். தவறினால் ஒன்பதில், ஐப்பசி மழைக்குப் பிறகு, நிறைமாத வயிற்றோடு கரி பஸ்ஸில். ஆனால் பெரியண்ணன் மாமா, "பொண்ண அனுப்ப முடியாது" என்று ஆள்மூலம் சொல்லியனுப்பிவிட்டார்.

வேறொரு வீடாக இருந்தால், சரி, அங்கேயே பெறட்டும் என்று விட்டிருப்பார்கள். எங்கள் அக்கா இப்படி ஒரு கிராமத்தில், பிரசவ வலியில், வண்டி வருவதற்குள் செத்துப்போனாள். பிள்ளையும் தங்கவில்லை. அதற்குப் பிறகு அம்மா, செல்லம்மா ஆஸ்பத்திரி இருக்கும் ஊரில்தான் பெறவேண்டும் என்று ஒரே பிடியாக இருந்தாள். ஆள் வந்து சொல்லிவிட்டுப் போன நாளிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

சம்பந்திக்கு என்ன கோபம் என்பது எங்களுக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தோம். ஆனி மாதம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். நான் அச்சாபீஸுக்குப் போயிருந்தேன். காபிக்கொட்டை கிடைக்காத சமயம் என்பதால் அம்மா டீ போட்டுக் கொடுத்திருக்கிறாள். குடித்தார், துண்டால் வாயைத் துடைத்தார், எழுந்து போய்விட்டார். பிறகு அவர் ஊரிலிருந்து சந்தைக்கு வந்த ஒருவர் காதில் போட்டார்: "சேலத்துல ராஜமரியாதை பண்ணாங்கன்னு உங்க சம்பந்தி சொல்லிட்டுத் திரியறாருங்க." அவர் ராஜமரியாதை என்று சொன்னது எந்த அர்த்தத்தில் என்பது புரியாத அளவுக்கு நாங்கள் குழந்தைகள் இல்லை. சந்தையில் டீத்தூள் கம்பெனி வண்டிக்காரன் விளம்பரத்துக்காகப் போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் சும்மா ஊற்றுகிற டீயைச் சம்பந்திக்குக் கொடுத்தது தப்பு என்று முடிவுகட்டினோம். அச்சாபீஸ் முதலாளியிடம் கெஞ்சி அரை ராத்தல் காபிப்பொடி வாங்கி, ஈரம் படாமல் இரண்டு காகிதத்தில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

இங்கே என் டீ விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் அப்பா நீலகிரியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் எழுத்துவேலை பார்த்தவர். அவர் வைத்த சட்டம் இன்றும் எங்கள் வீட்டில் நடக்கிறது. தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகுதான் தூள். ஒருமுறை போட்ட தூளை மறுபடி கொதிக்கவைப்பது கூடாது. பால் பேருக்கு. சூடு ஆறினால் கீழே கொட்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, டீயோடு எதையும் தின்னக்கூடாது. முறுக்கோ வடையோ வாயில் இருக்கும்போது டீ குடிப்பவனுக்கு டீயின் ருசியும் தெரியாது, வடையின் ருசியும் தெரியாது என்பார் அப்பா. நானும் அப்படியே. டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்து பொரியை டம்ளருக்குள் கொட்டிக்கொள்கிறவனைப் பார்த்தால் நான் வேறு பெஞ்சுக்குப் போய்விடுவேன்.

பஸ் காலை ஏழு மணிக்குக் கிளம்பும் என்று எழுதிப் போட்டிருக்கும். கரியைப் பற்றவைத்து, விசிறியைச் சுற்றி, புகை சரியாக வந்து கிளம்பும்போது எட்டாகிவிடும். கட்டணம் பத்தணா. தூரம் இருபத்தாறு மைல் என்று சொன்னார்கள். பின் சீட்டில் உட்காராதீர்கள். கரி உருளை அங்கேதான் இருக்கிறது, இறங்கும்போது உங்கள் வீட்டாருக்கே உங்களை அடையாளம் தெரியாது. அயோத்தியாப்பட்டணத்தில் பஸ் நிற்கும். அங்கே கிடைக்கும் டீ பரவாயில்லை. ரேஷன் சர்க்கரைக்குப் பதில் வெல்லம் போடுகிறார்கள். வெல்லம் டீயைக் கஷாயமாக்கிவிடும் என்பது என் கட்சி. ஆனால் யுத்த காலத்தில் கட்சி பேசிக்கொண்டிருந்தால் நாக்கு காய வேண்டியதுதான்.

கணவாய் ஏற்றத்தில் எல்லாரையும் இறக்கிவிட்டார்கள். கரி பஸ் ஆளைச் சுமந்துகொண்டு மேடு ஏறாது. ஆண்கள் பின்னாலிருந்து தள்ள வேண்டும். கிளீனர், நாற்பது வயது மனிதர், ஒரு பெரிய முட்டுக்கல்லைத் தூக்கிக்கொண்டு பின்சக்கரத்தை ஒட்டியே நடந்தார். பஸ் மூச்சுத் திணறி நின்றால் அந்தக் கல்லைச் சக்கரத்துக்கு அடியில் போட வேண்டும். இரண்டு தடவை போட்டார். இரண்டாம் தடவை சக்கரம் கல்லில் மோதி நின்றபோது பக்கத்துப் பள்ளத்தைப் பார்த்தேன். இந்த வழியிலா பிள்ளைத்தாய்ச்சியைக் கூட்டிவரப்போகிறோம்?

பாப்பிரெட்டிப்பட்டி சேர்ந்தபோது மதியம் ஒரு மணி. சத்திரத்தில் தங்கினேன். டிரைவரிடம் திரும்பும் பஸ்ஸைப் பற்றி விசாரித்தேன்.

"நாளைக்கு ரெண்டு மணிக்கு அரூர்ல இருந்து வருமுங்க. அதை வுட்டா அப்புறம் மூணு நாளைக்கு வண்டி கெடையாது. கரி வரலீங்க" என்றார்.

மூன்று நாள் என்றால் எட்டாம் மாதம் பிறந்துவிடும். நாளை மதியம் இரண்டு மணி, இல்லாவிட்டால் இல்லை.

மறுநாள் விடிந்ததும் ஒரு மாட்டுவண்டி பேசினேன். போகவர ஒன்றேகால் ரூபாய். கிளம்பும் முன் கடைத்தெருவில் டீ தேடினேன். கடைக்காரர் இன்னும் அடுப்பே மூட்டவில்லை. காலை டீ குடிக்காவிட்டால் எனக்குப் பத்து மணிக்கு நெற்றிப்பொட்டில் ஆணி இறங்கும். அந்த ஆணியோடுதான் சம்பந்தி வீட்டுக்குப் போனேன்.

வண்டிக்காரருக்கு என் கதை முழுவதும் ஏற்கெனவே தெரிந்திருந்தது. "அங்க போனதும் கை நனைச்சுடாதீங்க. நனைச்சீங்கன்னா பேச்சு முடிஞ்சுதுங்க" என்று எச்சரித்தார்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். மனத்தாங்கல் உள்ள வீட்டில், பேச்சு முடியும் முன்பு எதையும் சாப்பிடுவதோ குடிப்பதோ கிடையாது. குடித்துவிட்டால் அவர்கள் சொன்னதற்கு நாம் ஒப்புக்கொண்டதாகிவிடும். பிறகு ஊரே கூடிச் சொன்னாலும் எடுபடாது. "அதான் கை நனைச்சுட்டுப் போனாரே" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.

பெரியண்ணன் மாமா வேப்பமரத்தடியில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நல்ல உயரம், சவரம் செய்யாத வெள்ளை முள்தாடி. "வாங்க தம்பி" என்றார். அந்த 'வாங்க'வில் ஒரு குறையும் இல்லை. வாசற்படியில் செல்லம்மா தெரிந்தாள். ஒரு கையை இடுப்பில் ஊன்றியிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை.

மாமியார் மோர் கொண்டுவந்தார். வேண்டாம் என்றேன். தண்ணீர் வந்தது. அதையும் வேண்டாம் என்றேன்.

"பச்சத் தண்ணிகூட எறங்காதுங்களா?" என்றார் மாமா.

"கோவிச்சுக்காதீங்க மாமா. தங்கச்சியைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன். அனுப்பறேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, அப்புறம் எதுன்னாலும் சாப்புடறேன்."

"எங்க வூட்டுத் தண்ணி ஆவாதவங்களோட நான் என்னத்தப் பேசறதுங்க?"

இதற்குமேல் பேச்சு நகரவில்லை. நான் சாப்பிடாமல் அவர் பேசமாட்டார். அவர் பேசாமல் நான் சாப்பிடமாட்டேன். வேப்பமரத்து நிழல் கட்டிலை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக விலகிக்கொண்டிருந்தது. வண்டிக்காரர் மாட்டுக்கு வைக்கோல் போட்டுவிட்டு என்னையும் சூரியனையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்குத் தலை இரண்டாகப் பிளந்தது. அந்த நேரம் பார்த்து அடுக்களையிலிருந்து டீ வாசனை வந்தது. தூள் விழுந்ததும் எழும் அந்த முதல் வாசனை. செல்லம்மாவின் கைப்பக்குவம்.

பொறுக்கமுடியாமல் பையைத் திறந்து காபிப்பொடியை எடுத்துக் கட்டிலில் வைத்தேன். "மாமா, அன்னிக்கு நீங்க வந்தப்போ வூட்ல காபி இல்லீங்க. அதான் அம்மா டீ குடுத்துட்டாங்க. தப்பா நெனச்சுக்காதீங்க. இந்தாங்க, நல்ல பொடி."

அவர் பொட்டலத்தைத் தொடவில்லை. முகம் சிவந்துவிட்டது.

"டீத்தண்ணி குடுத்ததுக்கா நான் கோவிச்சேன்? தம்பி, டீத்தண்ணி நல்லாத்தானுங்க இருந்துச்சு. வெறுந்தண்ணியாக் குடுத்தாங்க பாருங்க! ஒரு கை கல்லக்கா வெக்கல. ஒரு துண்டு வெல்லம் வெக்கல. எங்கூர்ல மாட்டுக்குத் தண்ணி காட்டுனாக்கூட ஒரு கை தவுடு கலந்துதானுங்க காட்டுவோம். பேரன் வரப்போறான்னு சேதி சொல்ல வந்தவனுக்கு வெறும் டம்ளரு!"

நிலக்கடலையைத்தான் அங்கே கல்லக்கா என்கிறார்கள். இத்தனை நாளாக அம்மா சாப்பிடாமல் கிடந்தது ஒரு கை கடலைக்காகவா? சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. நல்லவேளையாக இரண்டையும் விழுங்கிவிட்டேன்.

"மாமா, எங்க வூட்ல யாருமே டீயோட எதுவும் சாப்புடமாட்டோங்க. அது எங்கப்பா காலத்து வழக்கம்."

"அப்பிடியும் ஒரு வழக்கமா? நம்பற மாதிரி சொல்லுங்க தம்பி."

செல்லம்மா இரண்டு டம்ளர் டீயையும் ஒரு தட்டு நிறைய மணலில் வறுத்த கடலையையும் கொண்டுவந்து கட்டிலில் வைத்தாள். குனியச் சிரமப்பட்டாள். "நெசந்தானுங்க மாமா. எங்கண்ணன் செத்தாலும் டீயோட ஒண்ணும் தின்னமாட்டாரு. இங்க வந்த பொறகுதான் நானே பழகுனேன். இதுக்கா இத்தன நாளு கோவம்? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமுங்களே."

"வூட்டுக்கு வந்த பொண்ணுகிட்ட அவ அம்மா வூட்டுக் கொறையச் சொல்றதாக்கும்?" என்றார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமலே. அந்த ஒரு வார்த்தையில் எனக்கு அவர் மேல் முதல் முறையாக மரியாதை வந்தது. ஆனால் அவர் இறங்கிவரவில்லை. தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"தின்னுங்க. தின்னுட்டு டீயக் குடிங்க."

"மாமா, தங்கச்சிய அனுப்பறேன்னு..."

"நான் ஒண்ணும் சொல்லலீங்க. தின்னுங்கன்னேன்."

இதுதான் கண்ணி என்று எனக்குப் பட்டது. தின்றால் கை நனைத்ததாகிவிடும். அவர் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. தின்னாவிட்டால் இரண்டாம் முறையும் அவரை அவமதித்ததாகிவிடும். வண்டிக்காரர் தூரத்திலிருந்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். செல்லம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கால் இரண்டும் வீங்கியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். அக்காவுக்கும் அப்படித்தான் வீங்கியது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பயத்தில் மனிதன் ஒன்று ஓடுவான், அல்லது ஏதாவது செய்துவிடுவான். நான் கடலையை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, அது வாயில் இருக்கும்போதே டீயைக் குடித்தேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நன்றாக இருந்தது. வெல்லம் போட்ட டீயின் திகட்டலைக் கடலையின் கருகல் வாசனை சரிக்கட்டிவிடுகிறது. அப்பா இருந்திருந்தால் என்னை வீட்டைவிட்டுத் துரத்தியிருப்பார். இன்னொரு கை அள்ளினேன்.

மாமா தன் டம்ளரை எடுத்து மெதுவாகக் குடித்து முடித்தார். கடலைத் தோலை ஊதினார்.

"எங்கிட்ட வாக்கு வாங்காமலே, என்ன நம்பித் தின்னுட்டீங்களே தம்பி" என்றார் கடைசியில். "இனி நான் எப்பிடிங்க மாட்டேன்னு சொல்றது?" பிறகு உள்பக்கம் திரும்பி, "ஏ, புள்ளைக்குத் துணிமணி எடுத்து வெய்யி! நேரமாவுதில்ல?" என்று ஊர் கேட்கக் கத்தினார்.

வழியனுப்ப வண்டியோடு நடந்து வந்தவர், பாப்பிரெட்டிப்பட்டியில் பஸ் வந்ததும் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் தானும் ஏறிக்கொண்டார். காரணம் கணவாயில் தெரிந்தது. எல்லாரும் இறங்கினோம். செல்லம்மாவால் நடக்கமுடியாது என்பதால் அவள் மட்டும் உள்ளே இருக்கலாம் என்று டிரைவர் சொன்னார். மாமா கிளீனரிடம் போய், "கல்ல இப்பிடிக் குடுங்க" என்று வாங்கிக்கொண்டார். அறுபது வயது மனிதர், அந்தக் கல்லை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, பின்சக்கரத்தை விட்டு ஒரு முழம்கூட விலகாமல் புகைக்குள் நடந்தார். நாங்கள் தள்ளினோம். பாதி மேட்டில் பஸ் இருமி நின்று பின்னால் சரிந்தது. உள்ளேயிருந்து செல்லம்மா "அண்ணா" என்று கத்தினாள். கல் விழுந்த சத்தமும் சக்கரம் அதில் நறநறத்த சத்தமும் ஒன்றாகக் கேட்டன. பஸ் நின்றது. மாமா கல்லுக்குப் பின்னால் மண்டியிட்டு, இரண்டு கையாலும் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். கல் நழுவியிருந்தால் முதலில் போயிருப்பது அவர்தான்.

மேலே போனதும் அங்கிருந்த கடையில் டீ சொன்னேன். அவர் துண்டு முடிச்சை அவிழ்த்துக் கடலையை எடுத்து எனக்குப் பாதி கொடுத்தார். உள்ளங்கை சிராய்த்து ரத்தம் கசிந்திருந்தது. அதோடு, எதிரே வந்த பாரவண்டியில் ஏறி ஊருக்குத் திரும்பிவிட்டார்.

இனி அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு. காலை பஸ்ஸில் முன் சீட்டு பிடியுங்கள். குடிதண்ணீர் கொண்டுபோங்கள். திரும்பும் பஸ் என்றைக்கு என்று இறங்கிய உடனேயே கேட்டுவிடுங்கள். பாப்பிரெட்டிப்பட்டிக் கடையில் காலை ஏழுக்கு முன் டீ கிடையாது. கணவாய் மேல் உள்ள கடையில் தூள் நல்ல தூள், இரண்டாம் கொதி விடுவதில்லை, தைரியமாகக் குடிக்கலாம். அந்தப் பக்கத்து மனிதர் யாராவது உங்கள் வீட்டுக்கு வந்தால், டீயோ காபியோ மோரோ, எதைக் கொடுத்தாலும் பக்கத்தில் ஏதாவது ஒன்றை வையுங்கள். ஒரு துண்டு வெல்லம் போதும்.

கார்த்திகையில் செல்லம்மாவுக்கு வலி கண்டது. காலையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிள்ளை திரும்பியிருக்கிறது, கஷ்டமான பிரசவம் என்று சொல்லிவிட்டார்கள். சேதி போய் மாமா மறுநாள் மதியம் வந்து சேர்ந்தார். அவள் அப்போதும் உள்ளேதான் இருந்தாள். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு வேறு ஒன்றும் செய்யத் தெரியவில்லை. வாசல் கடைக்குப் போய் இரண்டு டீயும், மறக்காமல் ஒரு பொட்டலம் கடலையும் வாங்கி வந்தேன்.

அவர் பொட்டலத்தைத் தள்ளிவைத்தார். அவர் துண்டிலும் ஒரு முடிச்சு இருந்தது, அதையும் அவிழ்க்கவில்லை. "வேணாம் தம்பி. தொண்டையில எறங்காது. வெறுந்தண்ணி போதுங்க" என்றார்.

ஆனால் அந்த வெறும் டீயையும் அவர் குடிக்கவில்லை, நானும் குடிக்கவில்லை. இரண்டு பேரும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். டீ மேல் ஆடை படிந்தது. வெயில் தாழ்வாரத்தை விட்டு இறங்கிய பிறகு நர்ஸ் கதவைத் திறந்துகொண்டு வந்து, பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள் என்று சொன்னாள். அம்மா ஓவென்று அழுதாள்.

மாமா துண்டு முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். அவசரமாக இழுத்ததில் பாதிக் கடலை தரையில் சிந்தியது. மிச்சத்தை என் கையில் கொட்டினார். டீ பச்சைத் தண்ணீராக ஆறிப்போயிருந்தது. கடலையை மென்றுகொண்டே அதைக் கடைசிச் சொட்டு வரை குடித்தேன். என் வாழ்நாளில் குடித்த நல்ல டீ எது என்று யாராவது கேட்டால், அதைத்தான் சொல்வேன்.